செவ்வாய்க்கிழமைப் பொட்டு

கல்லூரிக்குப் போன அந்த வருஷத்தை நினைத்தால் எனக்குப் படிப்பு ஞாபகத்துக்கு வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. காலையில் வேலை, மதியத்துக்கு மேல் வகுப்பு, வீட்டுக்குத் திரும்பி வந்து சோறு வடிக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் யாராவது புத்தகப் பையைத் தோளில் மாட்டுவார்களா என்று என் மகன் கேட்டான். நான் மாட்டினேன்.

வேலை தேக்கா சந்தைக்குப் பின்பக்கம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது கொண்டுவந்து விட்டுப் போகும் பெரியவர்களைச் சாயங்காலம் வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கட்டிலிலிருந்து எழுப்பிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. பல வருஷமாகச் செய்தேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. சொல்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதும் இல்லை.

ஒரு நாள் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இனிமேல் பெரியவர்களைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார். சான்றிதழ் இல்லாதவர்கள் கோப்பை கழுவலாம், மேசை துடைக்கலாம். ஆளைத் தொடக் கூடாது.

நான் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எழுதவும் செய்வேன், ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் தேநீர் ஆறிப்போகும். ஆங்கிலம் காதில் விழுந்தால் புரியும், தாளில் பார்த்தால் புரியாது. எங்களை மாதிரி ஆட்களுக்குக் கேள்வியை அவர்களே வாசித்துக் காட்டுவார்களாம், வாயால் பதில் சொன்னால் போதுமாம். கடைசியில் செய்முறைத் தேர்வு ஒன்று. கட்டிலில் இருக்கிற ஆளைப் பத்திரமாக நாற்காலிக்கு மாற்ற வேண்டும். தினமும் செய்கிற வேலைதானே, இதில் என்ன பயம் என்று சேர்ந்துவிட்டேன்.

முதல் நாளே ஆசிரியை ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். சின்ன வயசு சீனப் பெண். அதை அவர் பிளானர் என்றார். எனக்கு அது டைரிதான். திறந்தால் ஒரு வாரம் முழுவதும் தெரியும். இடது பக்கத்தில் திங்கள், செவ்வாய், புதன். வலது பக்கத்தில் வியாழன், வெள்ளி, அதற்குக் கீழே சனியும் ஞாயிறும். எல்லாவற்றையும் இதில் எழுதி வையுங்கள், மனத்தில் வைத்துக்கொண்டால் களைத்துப் போவீர்கள் என்றார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார்கள். என் மகனும் அதையேதான் சொன்னான்.

"போன்ல போட்டுக்கோங்கம்மா. நேரத்துக்கு அதுவே அடிச்சுக் கூப்பிடும்."

"என்னைக் கூப்பிட்டு எழுப்புறதுக்கு இன்னொரு ஆளா? வேணாம்பா."

எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கட்டங்களில் எழுத்துக்கூட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை, இடமும் இல்லை. அதனால் பொட்டு ஒட்டினேன். வகுப்பு இருக்கிற நாளுக்குப் பச்சைப் பொட்டு. ஏதாவது எடுத்துப் போக வேண்டியிருந்தால் கறுப்பு. தேர்வுக்குப் பெரிய சிவப்பு. வீட்டுக்காரர் போன பிறகும் நான் பொட்டு வைப்பதை விடவில்லை. அதைப் பற்றிப் பேச வந்தவர்களைப் பேசவும் விடவில்லை. குளியலறைக் கண்ணாடி நிறையப் பொட்டுதான். ராத்திரி முகம் கழுவும்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவேன், காலையில் மறுபடி நெற்றிக்கு வரும். பசை போகும்வரை ஒரே பொட்டு ஓடும். எங்கள் வீடுகளில் எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். பிளானருக்கும் அந்தக் கண்ணாடியிலிருந்துதான் எடுத்தேன். தாளில் ஒட்டுவதற்குப் புதுப் பொட்டு எதற்கு?

வகுப்பில் எனக்குத் துணையாகக் கிடைத்தவள் சுவா சூ காங்கிலிருந்து வரும் ஒரு வேதக்கார அம்மா. என்னைவிடச் சின்னவள், வாய் ஓயாதவள். அவளுடைய பிளானரில் ஜெப நாள், பாடகர் குழுப் பயிற்சி, பேத்தியின் நீச்சல் வகுப்பு எல்லாம் இருக்கும், கல்லூரியைத் தவிர. என் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா இது, பிளானரா, அம்மன் கோயில் வாசலா? பக்கத்துக்குப் பக்கம் பொட்டு வெச்சிருக்கீங்க."

"உனக்குக் கண்ணு இருந்தா எழுத்தப் படி. எனக்கு இது போதும்."

போதும் என்றுதான் இருந்தது. ஒரு வகுப்பு தவறவில்லை. உடம்புதான் தவறியது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவேன். இறங்க வேண்டிய ஆங் மோ கியோவைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வந்த நாட்கள் உண்டு. நிலையத்தில் குனிந்து நிமிர்ந்துவிட்டு, கல்லூரியிலும் போய் அதே குனிந்து நிமிர்வது. இங்கே ஆளைத் தூக்கு, அங்கே ஆளைத் தூக்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டு நில்.

தேர்வு வாரம் வந்தது. அந்த வாரத்தில் வகுப்பு கிடையாது, அவரவர் நாளுக்கு அவரவர் வந்தால் போதும். ஆசிரியை பெயர் பெயராக வாசித்தார். எனக்குச் செவ்வாய், என் கூட்டாளிக்குப் புதன். அங்கேயே புத்தகத்தைத் திறந்து, பையில் வைத்திருந்த சிவப்புப் பொட்டைச் செவ்வாய்க் கட்டத்தில் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தி, மூடி வைத்தேன்.

வீட்டில் திறந்து பார்த்தபோது பொட்டு வெள்ளிக்கிழமையில் இருந்தது.

அது இடம் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம். பொட்டு எங்கே இருக்கிறதோ அதுதான் நாள். வெள்ளி, நல்ல நாள், தலைக்குக் குளித்துவிட்டுப் போகலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். செவ்வாய் மதியம் நான் நிலையத்தில் ஒரு பெரியவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அலமாரிக்குள் கிடந்தது. ஆசிரியை கூப்பிட்டிருக்கிறார், குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கிறார். தெரியாத எண், ஆங்கில எழுத்து. ஏதோ விளம்பரம் என்று அதை நான் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அறைக்கு வெளியே இருந்த பெண் தாளில் தேடிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, உங்கள் பெயர் செவ்வாயில் இருக்கிறதே என்றாள். இல்லை, வெள்ளிதான் என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். காட்டும்போதுதான் பார்த்தேன். செவ்வாய்க் கட்டத்தில் வட்டமாக ஒரு பசைத் தடம், ஓரத்தில் அழுக்குப் படிந்து. நெற்றியிலும் கண்ணாடியிலுமாக அலைந்து பசை செத்த பொட்டு. புத்தகத்தை மூடியதும் நேர் எதிரே இருந்த கட்டத்துக்குத் தாவிவிட்டது.

கீழே சாப்பாட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்து என் கூட்டாளிக்குப் போன் போட்டேன். பக்கத்தில்தான் எங்கோ இருந்தாள், வந்துவிட்டாள். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் பாவம் என்றாள், பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கண்ணாடிப் பொட்டையா ஒட்டுனீங்க? தேக்காவுல ஒரு அட்டை புதுசு வாங்குனா கொறஞ்சா போயிருவீங்க?"

"சிரிச்சு முடி. அப்புறம் பேசுறேன்."

"பேச என்னக்கா இருக்கு? நேரா கிளினிக்குக்குப் போங்க. செவ்வாக்கெழம தலவலி, எந்திரிக்கவே முடியலன்னு சொல்லுங்க. ஒரு எம்சி வாங்கிக் குடுத்தா அடுத்த வாரமே டெஸ்ட் வெச்சிருவாங்க லா. எல்லாரும் செய்யுறதுதான்."

"எனக்குத் தலவலி இல்லையே."

"இப்பக்கூட வரலயா? எனக்கே வந்துருச்சு."

எம்சி என்கிற மருத்துவர் சீட்டு இங்கே எல்லாக் கதவையும் திறக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் பொய்ச் சீட்டு ஒன்று வாங்கியதில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போய் மேலாளர் திட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார், அது வேறு. என்னால் முடியவில்லை என்று ஒருவரிடம் போய்ச் சொல்லவே எனக்கு நாக்கு வராது. முடிந்திருக்கும்போது முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

எழுந்து மேலே போனேன். ஆசிரியை தனியாகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு உடம்பு சரியில்லையா ஆன்ட்டி என்று கேட்டார்.

நன்றாக இருந்தேன் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். விதியை மெதுவாகச் சொன்னார். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அடுத்த வாரம் தேர்வு வைக்கலாம். மற்றவர்கள் அடுத்த குழுவோடுதான் எழுத வேண்டும், அதற்கு இன்னும் பல மாதம் ஆகும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டார், ஒருவேளை கொஞ்சம் தலைசுற்றல், கால் வலி ஏதாவது இருந்ததா?

எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது. நல்ல பெண். கால் வலிகூட உண்மைதான். என்றைக்கு இல்லாமல் இருந்தது?

"இல்ல மிஸ். பொட்டு நகந்துருச்சு," என்று தமிழில் சொல்லி, புத்தகத்தைத் திறந்து பசைத் தடத்தைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன், தாளைத் தொட்டுக் காட்டினேன், இரண்டு கையையும் புத்தகம் போல மூடிக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. சிரிக்கவில்லை. அடுத்த குழு என்று எழுதிக்கொண்டார்.

என் மகனுக்குக் கோபம். "இந்த வீம்பு உங்களுக்குச் சோறு போடுமாம்மா?" என்றான்.

"சோத்த நான்தானே வடிக்கிறேன். உக்காந்து சாப்பிடு," என்றேன்.

அடுத்த திங்களிலிருந்து மேலாளர் என்னைச் சமையல் கட்டுக்கு மாற்றினார். கோப்பைகள், மேசைகள், நாற்காலிகளின் கால்கள்கூட. பேச்சு நின்றுபோன ஒரு சீனத்தம்மாவுக்கு அதுவரை நான்தான் கஞ்சி ஊட்டுவேன். இப்போது சான்றிதழ் வாங்கிய ஒரு பெண் ஊட்டினாள். கெட்டிக்காரிதான், பொறுமைசாலி. ஆனால் அந்த அம்மா வாயில் கஞ்சியை வைத்துக்கொண்டு விழுங்காமல் நான் துடைக்கும் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். தொடக் கூடாது என்றால் தொடக் கூடாது. பார்த்துப் புன்னகைத்தால் வாயைத் திறப்பார், அப்புறம் நான் கரண்டியை வாங்க வேண்டியிருக்கும்.

மேசை துடைப்பது லேசான வேலை என்று நினைத்திருந்தேன். ஆளைத் தூக்கிய நாட்களைவிட அதில்தான் அதிகமாகக் களைத்தேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே நேரமாகும். பாதியில் நிறுத்திவிடலாம் என்று தினமும் தோன்றும். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் கூட்டாளி தேர்ந்துவிட்டாள். அவ்வப்போது போன் செய்து, "எம்சி எம்சின்னு அன்னைக்கே சொன்னேன்ல," என்று ஆரம்பிப்பாள். நான் வைத்துவிடுவேன். மறுபடி கூப்பிடுவாள்.

அடுத்த குழுவின் தேர்வு நாளும் வந்தது. இந்தத் தடவை நாளைத் தமிழில் எழுதினேன், எழுத்துக்கூட்டி, கட்டத்தைத் தாண்டி வழிய வழிய. சரியான நாளில்தான் போனேன். தேர்வு எடுக்க வந்தவர் ஆசிரியை இல்லை, யாரோ ஒரு ஆண். குழுவில் ஒருவரை நோயாளியாகக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். கையைக் கழுவினேன். கட்டில் சக்கரத்தையும் நாற்காலிச் சக்கரத்தையும் பூட்டினேன். என்ன செய்யப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். இடுப்பில் பட்டையைக் கட்டி, முழங்காலை மடக்கி, நிமிர்த்தி, திருப்பி, உட்கார வைத்தேன். கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். அந்த மனிதர் தாளில் எதையோ குறித்துவிட்டுத் தலையை ஆட்டினார். தேறிவிட்டீர்கள், உங்கள் நிலையத்துக்கு நாங்களே தெரிவித்துவிடுவோம் என்றார்.

சந்தோஷம் வரும் என்று நின்றேன். அலுப்புதான் வந்தது. நோயாளியாக இருந்தவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், ஒரு நிமிஷம் என்று. உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். மெத்தை குளிர்ச்சியாக இருந்தது. தேர்வாளர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அடுத்ததாகத் தேர்வு கொடுக்க வேண்டிய மலாய்ப் பெண் உள்ளே வந்தாள், இருபது வயசு இருக்கும். கையைக் கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "குட் மார்னிங் ஆன்ட்டி. நான் இப்ப உங்களை நாற்காலியில உட்கார வைக்கப் போறேன், சரியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கண் பாதி தேர்வாளரின் தாளில் இருந்தது. தேர்வாளர் நிமிர்ந்து வாயைத் திறந்தார். நான் சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, புதுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சரிம்மா," என்றேன், தமிழில்.

அவள் சக்கரங்களைப் பூட்டினாள். என் இடுப்பில் பட்டையைச் சுற்றினாள். மிகவும் கவனமாக, என் சட்டை கசங்காமல். யாரும் என்னை அப்படித் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எண்ண ஆரம்பித்தாள். மூன்று என்றபோது நான் என் கனத்தை முழுசாக அவளிடம் விட்டுவிட்டேன்.