கடலை வறுத்த மணலில் மக்ரூன்

போன வெள்ளிக்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாசகர் வீட்டுக்குப் போனேன். போனேன் என்று சொல்வது சும்மா பெருமைக்கு. என் மனைவி பஸ் ஏற்றி அனுப்பினாள் - அதுதான் நிஜம்.

எல்லாம் ஒரு வாய்ஸ் மெசேஜால் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஓவன் இல்லாமல் வீட்டிலேயே மக்ரூன் செய்வது எப்படி என்று இந்தச் சமையல் பத்தியில் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. அவ்வளவுதான் சாமான். அடி கனமான பாத்திரத்தில் ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் தட்டு, அப்புறம் மூடி. சூடேறிய உப்புதான் ஓவன்!

ரொம்ப ஜம்பமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்தான் அந்த மெசேஜ்.

"ஜெயமணி அக்கா, நான் பெரியதாழையில இருந்து ஜெசிந்தா பேசுதேன். நீங்க எழுதுன மாதிரியேதான் செஞ்சேன். மூணு தடவ செஞ்சாச்சு. மூணு தடவையும் தோசமாவு கணக்கா வழிஞ்சு கெடக்கு. வார ஞாயித்துக்கெழம எம் மவளுக்குப் புதுநன்ம. கூட நன்ம வாங்குத முப்பத்தாறு பிள்ளைகள்ட்டயும், எங்கம்மா மக்ரூன் செஞ்சு தருவான்னு சொல்லி வச்சிட்டா. எங்க மாமியா சிரிக்கா. கோவப்படாதிய அக்கா... நீங்க நெசமாவே செஞ்சு பாத்துட்டுதான் எழுதுனியளா?"

கடைசிக் கேள்வி இருக்கிறதே - அதை நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சுட்டது.

புதுநன்மை என்றால் மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி. அந்தப் பிள்ளைக்கு அது ஒரே ஒரு நாள். அன்றைக்கு அவள் முப்பத்தாறு பேர் முன்னால் தலை குனிந்து நின்றால், யார் காரணம்? கல்லுப்பு என்று எழுதிய நான்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தனை வருடமாக என்னை 'அக்கா' என்று எழுதும் வாசகர்களே... நான் அக்கா இல்லை. ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை. பத்தாவது வரை படித்தவன். பகலில் எடைமேடையில் லாரிகளின் எடையைக் குறிக்கிற வேலை. போட்டோ போடவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஜெயமணி என்ற பெயரைப் பார்த்து யாரோ ஒருவர் முதலில் அக்கா என்று எழுதினார்கள். திருத்தக் கூச்சம். அப்படியே ஓடிவிட்டது.

ஜெசிந்தாவுக்கும் டைப் செய்துதான் பதில் அனுப்பினேன். தீயைக் குறையுங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் நுரைக்காது. எல்லாம் எழுதினேன். வியாழக்கிழமை நாலாவது தடவையின் போட்டோ வந்தது. தட்டில் ஒரு வெள்ளைக் குளம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "மெசேஜ்லயே மக்ரூன் வெந்துருமாக்கும்? நாளைக்கு லீவு போட்டுட்டுப் போயிட்டு வாங்க."

"நானா? அங்கன போயி..."

"ஒங்களப் புடிச்சுத் தின்னா போறாவ?"

திருச்செந்தூரில் பஸ் மாறி, பெரியதாழையில் இறங்கியபோது மணி பத்தரை. ஜெசிந்தா வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள். என்னைத் தாண்டி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா வரலியா?" என்றாள் ஜெசிந்தா. முப்பது வயதிருக்கும். முகத்தில் தூக்கமில்லை.

"நான்தான்... ஜெயமணி" என்றேன்.

எல்லோர் கண்ணும் என் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. அப்புறம் ஒரு பெண் ஆரம்பித்தாள். "ஏளா, அக்காவுக்கு மீச இருக்குளா!"

சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. அதற்குள் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் மாமியார் திரேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு பாக்கெட் பிஸ்கெட்டு வாங்கிக் குடுத்தா முடிஞ்சிரும். இதுக்கு ஒரு ஆம்பள டவுன்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்காரு."

பேசத் தெரியாதவனுக்குக் கைவேலைதான் துணை. வேலையில் இறங்கிவிட்டேன். பாத்திரத்தை எலுமிச்சைத் தோலால் துடைத்தேன். மூன்று முட்டையை உடைத்து வெள்ளையைத் தனியாகப் பிரித்தேன். இத்தனை பேர் ஏன் கூடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது - ஆளுக்கு ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள். நாலு நாளாக ஜெசிந்தா வீட்டு மஞ்சள்கருதான் அந்தத் தெருவுக்கே ஆம்லெட்!

கம்பி மத்தை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். நுரைத்ததும் பொடித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மறுபடியும் அடி. கை கடுக்கும். விடக்கூடாது. இருபது நிமிடத்தில் வெள்ளைக்கரு பஞ்சுப் பொதியாக எழுந்து நின்றது. பதம் வந்ததா என்று பார்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். வீட்டில் வழக்கமாகச் செய்வது. யோசிக்காமல் செய்துவிட்டேன்.

பாத்திரத்தை என் தலைக்கு மேல் கவிழ்த்தேன்.

"ஐயோ, மாதாவே!" என்று யாரோ கத்தினார்கள்.

ஒரு சொட்டு விழவில்லை. கவிழ்த்தபடியே நின்றேன். எட்டு வயது அனிட்டா - அவளுக்குத்தான் புதுநன்மை - என் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கை தட்டினாள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். இருபது வருடத்தில் எடைமேடையில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை.

பொடித்த முந்திரியைச் சேர்த்து, பட்டும்படாமல் கிளறி, தட்டில் சின்னச் சின்னக் கோபுரங்களாக வைத்தேன். ஜெசிந்தா உப்பைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தாள். உள்ளே வைத்து மூடினேன். இனி என்ன, ஜெயம்தான்!

உப்பு படபடவென்று பொரிந்துகொண்டே இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கை தட்டலில் காது அடைத்திருந்தது.

அரைமணி நேரம் கழித்து மூடியைத் திறந்தேன். குப்பென்று ஆவி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

வெள்ளைக் குளம்.

 திரேசம்மாதான் பேசினார். "அப்ப எழுதுறவிய செஞ்சாலும் இப்படித்தான் வரும் போலுக்கு."

மூன்று மணிக்கு ஒரு பஸ் உண்டு என்று வரும்போதே விசாரித்து வைத்திருந்தேன். அதில் ஏறிவிடலாமா என்று மனசு ஓடியது. அனிட்டா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.  ஏதாவது கேட்டிருந்தால் தேவலை.

பார்வையைத் தவிர்க்கக் குனிந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. தட்டைத் தூக்கிவிட்டு உப்பைக் கரண்டியால் கிளறினேன். அரைமணிக்கும் மேலாக அடுப்பில் இருந்த உப்பு... அடியில் இன்னும் ஈரம்!

"இந்த உப்பு எந்தக் கடையில வாங்குனது?"

ஜெசிந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கடையிலயா? கருவாட்டுக்கு மூட்ட மூட்டயா வீட்ல கெடக்கு. அளத்துல இருந்து லாரியில வாரது. புது உப்பு அண்ணாச்சி, மீன் படாதது. அத வச்சிக்கிட்டுக் கடையில உப்பு வாங்குனா ஊருல சிரிக்க மாட்டாவளா?"

சிரிக்கத்தான் செய்வார்கள். கருவாடு போடுகிற ஊரில் யார் பாக்கெட் உப்பை வாங்கி அடுப்பில் போடுவார்கள்? தப்பு அவள் பக்கம் இல்லை. உப்பளத்தில் வாரிக் குவித்து, அப்படியே மூட்டை கட்டிய பச்சை உப்பு. வெளியே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளுக்குள் தண்ணீர். அடுப்பில் வைத்தால் அது ஓவன் இல்லை - இட்லிக் கொப்பரை!

இதை யார் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? நான். புது உப்பு ஏற்றிய லாரி வந்தால், அடியில் இருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகி, எடைமேடைத் தகடு நனைந்து கிடக்கும். இருபது வருடமாக அதை மிதித்துக்கொண்டு நின்றவன்தான், 'ஒரு கிலோ கல்லுப்பு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனேன். காய்ந்த உப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால்?

"தப்பு என்னுதுதான்" என்றேன். இத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம். "நீங்க செஞ்சது எல்லாமே சரி. உப்புதான் ஈரம். வறுத்துக் காயவைக்கணும்."

"அண்ணாச்சி, அம்புட்டு உப்பும் காயிறதுக்குள்ள சிலிண்டர் காலியாயிருமே" என்றாள் ஜெசிந்தா.

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு குரல். என் மீசையைக் கண்டுபிடித்த அதே பெண் - ரோசலின். சாயங்காலம் கோயில் பக்கம் கடலை வறுத்து விற்பவள்.

"சூடுதான வேணும்? எங்க வீட்ல கடல வறுக்குத மணலு இருக்கே. தெனமும் அடுப்புல கெடந்து வேகுது. அதுல ஈரம்னு பேச்சே கெடையாது."

நான் அவளைப் பார்த்தேன். மணல்! இதுவரை எனக்கு ஏன் தோன்றவில்லை?

இரும்புச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னங்கரேலென்று, தொட்டால் மாவு போல ஓடுகிற மணல். கொடுக்கும்போது ஒரு கண்டிஷன்: "ஒரு பொடி மணலு கீழ சிந்தக்கூடாது பாத்துக்கிடுங்க. பதினோரு வருசமாப் பழகுன மணலு. எம் புருசனவிட சொன்னபடி கேக்கும்."

மறுபடியும் மூன்று முட்டை. இந்தத் தடவை ஜெசிந்தா அடித்தாள். நான் சொல்லச் சொல்ல. ஆமாம், நான் பேசினேன்! பதம் வந்ததும் அவளே தன் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. விழவில்லை.

மணலை இருபது நிமிடம் சூடாக்கி, தீயைச் சிம்மில் வைத்து, தட்டை உள்ளே இறக்கினோம். மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு ஸ்பூனைச் செருகினேன். ஆவி வெளியேற வழி வேண்டும். போன தடவை இதையும் எழுத மறந்திருந்தேன்.

வேகிற நேரத்தில் சும்மா இருப்பானேன்? போன வருடத்து மாதக் காலண்டரைக் கேட்டு வாங்கினேன். ஒரு தாளை நாலாக வெட்டி, எழுத்து உள்ளே போகும்படி சுருட்டினால் வெள்ளைக் கூம்பு தயார். ஓரத்தில் மைதாப் பசை. மஞ்சள்கருக் கிண்ணத்தோடு வந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து சுருட்டினார்கள். அனிட்டா ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பிள்ளையின் பெயரை எழுதினாள். செலவு? மைதா ஒரு கரண்டி.

முப்பத்தைந்து நிமிடம். மூடியை ஜெசிந்தாதான் திறந்தாள். நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி..."

திரும்பினேன். அத்தனை கோபுரமும் நின்றது! வெளுப்பும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், தந்தம் மாதிரி ஒரு நிறம். ஆறட்டும் என்று பத்து நிமிடம் அவர்கள் கையைக் கட்டிப்போட நான் பட்ட பாடு! பிறகு நகத்தால் தட்டினேன். டக் என்றது.

முதல் மக்ரூனை அனிட்டா என்னிடம் நீட்டவில்லை, அம்மாவிடமும் நீட்டவில்லை. நேராக நாற்காலிக்குப் போனாள். திரேசம்மா வாங்கி, கடித்து, மென்று... எங்கள் எல்லோரையும் காக்க வைத்தார்.

"டவுன் கடையில வாங்குறது மாதிரி இல்ல" என்றார்.

ஜெசிந்தாவின் முகம் விழுந்தது.

"அதுல இம்புட்டு முந்திரி போட மாட்டான்" என்றபடி இரண்டாவதுக்குக் கையை நீட்டினார்.

தெருவே கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதில் என் சிரிப்பும் இருந்தது. மூன்றாவது ஈட்டை நான் கை கட்டி உட்கார்ந்திருக்க, ஜெசிந்தா தனியாகப் போட்டு எடுத்தாள். என்னுடையதைவிட அழகு. மூன்று மணி பஸ் போய்விட்டது. ஐந்து மணி பஸ்ஸில் வந்தேன், மடியில் ஒரு கூம்போடு. அதில் 'ஜெயமணி மாமா' என்று எழுதியிருந்தது.

ஆக, என் பழைய குறிப்பை அடித்துவிடுங்கள். கல்லுப்பு வேண்டாம். இரண்டு அங்குலம் மணல். கழுவி, வெயிலில் காயவைத்து, ஒருமுறை நன்றாக வறுத்த மணல் - செலவே இல்லை. கடலை வறுப்பவர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் சிந்தாதீர்கள்.

எழுதுகிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் வீட்டு அடுப்புதான். ஊர் ஊருக்கு உப்பு வேறு, காற்று வேறு. செய்து பார்த்துவிட்டு, "வரவில்லையே" என்று சொல்கிற வாசகர்தான் குறிப்பை முழுசாக்குகிறார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளை கவுனில் அனிட்டா, சுற்றிலும் முப்பத்தாறு பிள்ளைகள், எல்லார் கையிலும் கூம்பு. பாதிப் பேர் வாய் நிறைய இருந்ததால் கேமராவைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். ஜெசிந்தா பேசிக்கொண்டிருக்க, பின்னால் திரேசம்மாவின் குரல்: "ஏளா, மணல்ல கேக்கு வருமான்னு அந்த அண்ணாச்சிட்ட கேளு. கிறிஸ்மஸ் வருதுல்லா!"

பதில் டைப் செய்யப் போனேன். விரலை எடுத்துவிட்டு, மைக்கை அழுத்தினேன்.

"வரும்மா. வந்து செஞ்சு காட்டுதேன்."

என் வாழ்க்கையின் முதல் வாய்ஸ் மெசேஜ். மொத்தம் பத்து விநாடி - அதில் ஆறு விநாடி தொண்டையைச் செருமியது!