பாப்பி என்றால் கசகசா

என் மகள் நான்காம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் முதல் உலகப் போர் நடந்தது. அபுதாபியில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். சாப்பாட்டு மேஜை முழுக்கச் சிவப்புக் காகிதம், பசை, பிரான்ஸ் நாட்டு வரைபடம். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்றோம். பள்ளியில் கொடுத்த தலைப்பு, உலகப் போரில் கனடா படைகளின் பங்கு.

மதுரைக்காரி மகளுக்குக் கனடா படை எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் கணவர் கனடாவில் குடியேற விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்காகப் பதிலுக்குக் காத்திருந்தார். போவதற்கு முன்பே பிள்ளை பழகிக்கொள்ளட்டும் என்று கனடா பாடத்திட்டம் உள்ள பள்ளியில் சேர்த்துவிட்டார். பதில் வந்தபாடில்லை. மகள் மட்டும் இங்கே இருந்தபடியே கனடாக்காரியாகிவிட்டாள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் அந்தப் போரைப் படித்துத் தொலைக்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் விமி என்று ஒரு மேடு. மற்றவர்கள் முட்டி மோதியும் முடியாததை, கனடாவின் நான்கு படைப்பிரிவுகளும் முதன்முறையாக ஒன்றாகச் சேர்ந்து, ஏப்ரல் மாதத்துப் பனியில் ஏறிப் பிடித்தன. அங்கேதான் கனடா ஒரு நாடாக எழுந்து நின்றது என்று டீச்சர் சொன்னாராம். செத்தவர்களில் பல பேர் மீசை முளைக்காத பிள்ளைகள். படித்தபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அதே போரில் நம் ஊர் ஆட்களும் கப்பலேறி, இந்த வளைகுடா வழியாகத்தான் ஈராக்கின் பஸ்ராவுக்குச் சண்டைக்குப் போனார்கள்.

“அவங்களப் பத்தி டீச்சர் ஒண்ணும் சொல்லலியாடி?” என்று கேட்டேன்.

“அது சிலபஸ்ல இல்லம்மா” என்றாள் மகள்.

நல்ல சிலபஸ்!

இறந்த வீரர்களை நினைத்து நவம்பரில் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கொள்வது கனடாக்காரர்கள் வழக்கம். போர் நடந்த நிலமெல்லாம் அந்தப் பூதான் பூத்துக் கிடந்ததாம். காகிதத்தில் செய்தாலே போதும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். என் மகளுக்கு நிஜப் பூதான் வேண்டும். பாலைவனத்தில் பாப்பிக்கு நான் எங்கே போக? ஒரு அதட்டல் போட்டேன், பேச்சு அடங்கிவிட்டது. அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் என் கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, விசிட் விசாவில் வருவதாக இருந்தார். மதுரையில் அவர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். இங்கே முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் இன்டர்வியூவுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது கிடைத்தால்தான் அந்தக் குடும்பம் மூச்சு விட முடியும்.

அவர் கிளம்பிய அன்று என் ஓரகத்தி, அதுதான் அவருடைய மனைவி, போன் செய்தாள்.

“அக்கா, அவுக ஃப்ளைட் ஏறிட்டாக. பாப்பா கேட்டதையும் பெட்டில வச்சு விட்டிருக்கேன்.”

“பாப்பா என்ன கேட்டா?”

“பாப்பி வேணும்னு போன்ல கேட்டுச்சாம்ல. இவுகளுக்கு என்னன்னு தெரியல. டிக்‌ஷனரியப் புரட்டிப் பாத்தா கசகசான்னு போட்டிருந்துச்சாம். அரைக் கிலோ, நல்ல வெள்ளைக் கசகசாவா பாத்து வாங்குனோம்.”

ஊரில் குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற சாமான்தான். ஆனால் அபினி எடுக்கிற பாப்பிச் செடியின் விதை என்பதால், இந்த நாட்டுச் சட்டத்தில் அது போதைப்பொருள். பெட்டியில் கசகசாவோடு வந்து ஜெயிலுக்குப் போனவர்கள் கதை இங்கே எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். வந்த நாள் முதல் நான் முந்திரிப் பருப்பை அரைத்துத்தான் குருமா வைக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்? தனியாக இருக்கிறவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று, சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கணவரைக் கூப்பிட்டால், “மீட்டிங்ல இருக்கேன்மா” என்றார்.

“மீட்டிங்காம் மீட்டிங்! உங்க தம்பி கம்பி எண்ணப் போறாரு. பெட்டில அரைக் கிலோ கசகசா!”

மீட்டிங் அத்தோடு முடிந்தது.

விமான நிலையத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொழுந்தனிடம் இருந்தது ஊர் சிம், அது இங்கே எடுக்காது. உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்றார் கணவர். நாமே காட்டிக்கொடுப்பதா என்றேன். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. சென்னை விமானத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கைக்குழந்தைக்காரி வந்தாள், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்தார். கொழுந்தனைக் காணோம். கணவரைத் திட்டினேன், கனடாவைத் திட்டினேன், அந்தப் போரைத் தொடங்கிய ஜெர்மன்காரனைக்கூட விடவில்லை. ஏன் அந்த மனுஷனுக்கு மட்டும் இப்படி வர வேண்டும் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசி ஆளாக டிராலியைத் தள்ளிக்கொண்டு, தலை நிறைய எண்ணெயும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்தார்.

“பெட்டி வர லேட்டாயிருச்சு மதினி.”

“யாராச்சும் தொறந்து பாத்தாங்களா?”

“இல்லியே. மெஷின்ல விட்டாக. ஒருத்தரு போ போன்னு கையக் காட்டுனாரு, வந்துட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும், அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பெட்டியைத் திறந்தேன். நல்ல வேட்டிக்குள் சுருட்டி, பத்திரமாக வைத்திருந்தாள் ஓரகத்தி. பொட்டலத்தைப் பிரித்து அப்படியே டாய்லெட்டில் கொட்டினேன். ஒரு தடவையில் போய்த் தொலையவில்லை, மேலேயே மிதந்தது. மறுபடி மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

“ஐ ஆஸ்க்ட் ஃபார் தி ஃப்ளவர்!” என்று மகள் ஒரு பக்கம் அழுதாள்.

“உங்களுக்குக் கூறு இருக்கா? யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? இந்த ஊர்ல இதுக்கு ஜெயில்! உங்களத் தூக்கி உள்ள போட்டிருந்தா வேலைக்கு எங்க போவீங்க? அங்க அவ ஒத்தைல என்ன செய்வா?” என்று நான் கத்தினேன்.

கொழுந்தனின் முகம் வெளுத்துவிட்டது. குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தப்புதான் மதினி. எப்பப் போன் போட்டாலும் பாப்பா ஹாய் சொல்லிட்டு ஓடிரும். அன்னைக்குத்தான் ‘சித்தப்பா, எனக்குப் பாப்பி கொண்டு வாங்க’ன்னு தமிழ்ல முழுசாக் கேட்டுச்சு. எனக்கு வேற எதுவும் தோணல.”

நான் அடுப்படிக்குப் போய் அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.