சூடாகாத லாரி

என் பழைய லாரியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் வேலை செய்யாது. கொதித்துவிடுமோ என்று பயந்து, தினமும் பீர்க்கன்கரணை ஏரியோரம் நிறுத்தி, அங்கே தனியாக வசித்த கிரேஸ் அக்காவிடம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்பேன். ஊற்றும்போது பேசிக்கொண்டிருப்போம். நாள் முழுக்க நான் யாரோடும் பேசுவது அவ்வளவுதான்.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூட்டைக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் மாட்டினேன். சூடு அளவுக்கு மேல் ஏறவே இல்லை என்று எண்கள் காட்டின. நிறுத்தக் காரணமில்லாமல் பல நாள் அவர் வீட்டைக் கடந்து போனேன்.

ஒருநாள் முடியவில்லை. நிறுத்தி, “அக்கா, தண்ணி” என்றேன்.

குடத்தோடு வந்தவர் பச்சையாக ஒளிர்ந்த மீட்டரைப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் விளிம்புவரை நின்றது. ஆனாலும் குடத்தைச் சாய்த்தார். வழிந்து எங்கள் கால்களை நனைத்தது.

“மிசின நம்பாதப்பா,” என்றார். “நாளைக்கும் நிறுத்திப் பாரு.”