வேப்பிலை வந்த வெள்ளிக்கிழமைகள்

எழுபதுகளின் கடைசியில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் உதவியாளனாக இருந்தேன். ஈப்போ பக்கம் வளர்ந்தவன். மலைக்கு வந்து இரண்டே மாதம். குளிரும் பழகவில்லை, ஜனங்களும் பழகவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

அந்தச் சமயம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் பிள்ளைகளிடையே தட்டம்மை பரவியது. மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த டிரெஸ்ஸர், எந்த வீட்டில் எந்தத் தேதியில் நோய் வந்தது என்று படம் போட்டு வைக்கச் சொன்னார். நோய் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் வழியை அடைத்துவிடலாம் என்று நினைத்தார்.

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. வீட்டாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. தினமும் மாலையில் லயங்களைச் சுற்றி வருவேன். புதிதாக வேப்பிலை தெரிந்தால் படத்தில் அந்த வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, பக்கத்தில் தேதி போடுவேன்.

மூன்று வாரத்தில் அந்தப் படம் என் தலையைச் சுற்ற வைத்துவிட்டது. அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு என்று பரவினால் புரியும். இதுவோ மேல் லயத்தில் இரண்டு, கீழ் லயத்தில் மூன்று என்று ஒரே நாளில் முளைத்தது. அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று பிடிபட்டது. எல்லாப் புள்ளியும் வெள்ளிக்கிழமை! வெள்ளிக்கிழமைதான் திரிங்காப் ஊர் லோரிக்காரர் வருவார். காய்கறியைக் கீழே கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது மலையடிவாரத்துத் தாப்பாவில் சாமான் வாங்கி வந்து லயங்களில் விற்பவர்.

நோயைச் சுமந்து வருவது அவர்தான் என்று டிரெஸ்ஸரிடம் அடித்துச் சொன்னேன். அவர் தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் சொல்ல, லோரி தோட்டத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவாயிற்று. அடுத்த இரண்டு வாரம் ஒரு புள்ளிகூட விழவில்லை. டிரெஸ்ஸர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடி வந்தார். குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுத்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தின நாள்கூட அவர் வீட்டு வாசலைப் பார்த்திருந்தேன்.

“வாசல்ல வேப்பிலை இல்லியேக்கா?” என்றேன்.

“எங்கேருந்து கட்டுறது தம்பி? இந்தக் குளிருக்கு வேம்பு வளருமா? லோரிக்கார அண்ணன்தான் கீழேருந்து ஒடிச்சிக்கிட்டு வருவாரு. அவரைத்தான் நிப்பாட்டிட்டீங்களே!”

இத்தனை நாளும் வேப்பிலை வந்த தேதியைத்தான் நோய் வந்த தேதி என்று குறித்து வைத்திருக்கிறேன்.

குழந்தையைக் கீழே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். தேதிகளெல்லாம் மாறிப் போயின. முதலில் படுத்தவர்கள் அத்தனை பேரும், அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்லும் பிள்ளைகள். அந்தக் கொட்டகை மருந்தகத்துக்கு நேர் எதிரே இருந்தது. அன்றைக்கே அதை மூடினோம்.

துரை உத்தரவை நீக்கிய கையோடு, மன்னிப்புக் கேட்கத் திரிங்காப்புக்குப் போனேன். லோரிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

“படிச்சவங்க சொல்றீங்க, இருக்குமோன்னு எனக்கே பயம் வந்துருச்சி தம்பி. வீட்டுல கைப்பிள்ள இருக்குலா. மூணு வாரமா நான் தூக்கவே இல்ல. லோரியிலதான் படுத்துக்கிறேன்.”

நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். உள்ளே குழந்தை அழுதது. அவர் எழுந்திருக்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப தூக்கலாமா தம்பி?”

ஆமென்று தலையை ஆட்டினேன். யாரையாவது சுட்டி ‘இவரால்தான்’ என்று சொல்ல இன்றைக்கும் நாக்கு துடிக்கும்போதெல்லாம், சொந்தப் பிள்ளையைத் தூக்க என்னிடம் அனுமதி கேட்ட அந்த மனிதரின் முகம்தான் என்னை வாயை மூடிக்கொள்ள வைக்கிறது.