பெனால்டிக்கு முதுகு காட்டியவர்கள்

என் மருமகன் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம் ஒன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு, "நாங்க தோத்துட்டோம் மாமா" என்று துக்கம் கொண்டாடுகிறார். அந்த ஊர் மழையில் ஒரு நாள் நனைந்திருப்பாரா? 'நாங்க'வாம்! வெள்ளவத்தையில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கப் பழகிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எரியும்.

எங்களுக்கு 'நாங்க' என்றால் வட கொழும்புக் கொட்டாஞ்சேனை. மெட்ச் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் சோறு தொண்டையில் இறங்காது. காலையிலேயே ஒரு கூட்டம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தும். இன்னொரு கூட்டம் ஜிந்துப்பிட்டி முருகனுக்குத் தேங்காய் உடைக்கும். இரண்டு இடத்துக்கும் போய்வருகிற ஆட்களும் உண்டு, நான் அந்த வகை. எந்தச் சாமி தயவில் கோல் விழுந்தாலும் கோல் கோல்தானே.

மைதானத்துக்குப் போவது வெங்காய லொறியில். மூட்டைகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றுவார்கள். போய் இறங்கும்போது எல்லாருக்கும் கண் கலங்கி மூக்கு ஒழுகும். "தோக்க முந்தியே அழுதுட்டு வந்துட்டாங்க" என்று எதிரணிக்காரர்கள் கேலி செய்வார்கள். பப்பரே பேண்ட் வாத்தியம் ஒரு பக்கம் காதைப் பிளக்கும். மாங்காய் அச்சாறு தின்று நாக்கு எரியும். ரெபரியைத் திட்டுவது மட்டும் சிங்களத்தில். தமிழில் திட்டினால் அவருக்கு விளங்காதே, அப்புறம் திட்டி என்ன பிரயோசனம்?

எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் நாங்கள் பார்க்க மாட்டோம். ஒரு பருவத்தில் கிடைத்த பெனால்டி எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் தலைவர் மாதிரி இருந்த மீன்கடை அண்ணன் ஒரு நாள் நெஞ்சு தாங்காமல் திரும்பி நின்றுகொண்டார். அன்றைக்குப் பந்து வலைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு, ரெபரி வெள்ளைப் புள்ளியைக் காட்டியதும் அவர், "திரும்புங்கடா!" என்று கத்துவார். அத்தனை பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து நிற்போம். கும்பிட்டபடி, சிலுவை போட்டபடி, நகத்தைக் கடித்தபடி. நான் பார்த்த பெனால்டி எல்லாம் பாசி பிடித்த மதில்தான். கோலா இல்லையா என்பதைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வோம். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அவ்வளவு ஆசையை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒரு பருவத்தின் நடுவில் எங்கள் அணிக்குக் கொழும்பின் தென்கோடி வெள்ளவத்தையிலிருந்து ஒரு பொடியன் வந்து சேர்ந்தான். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஒல்லி, இடது கால்காரன். எங்கள் கூட்டத்துக்கு அவனுடைய தமிழ் ஒரு வேடிக்கை. அவன் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றால் எங்கள் ஆட்கள் கோயில் மந்திரம்போல "ஓம்ம்ம்" என்று இழுப்பார்கள். அவன் சிரிக்கவும் மாட்டான், கோபிக்கவும் மாட்டான். அந்த யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவது லேசான காரியமில்லை. வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். தமிழ்ப் பொடியன் என்றால் இறக்கியும் வைப்பார்கள். அப்படியிருந்தும் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. பந்து அவன் காலுக்கு வந்தால் கேலி செய்த வாயெல்லாம் தானாக மூடிக்கொள்ளும். எங்கள் எல்லாருக்கும் அவன்மேல் கொள்ளை ஆசை. அதை அவனிடம் நேரே சொல்கிற வழக்கம்தான் எங்களிடம் இல்லை.

அரையிறுதியில் கடைசி நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது, அவன் வந்த பிறகு கிடைத்த முதல் பெனால்டி. வழக்கமாக அடிக்கிறவர் கால் பிசகி வெளியே கிடந்தார். பந்தை அந்தப் பொடியன் கையில் எடுத்தான். அண்ணன் கத்தினார், நாங்கள் திரும்பினோம். ஒரு 'டொப்' சத்தம், அதற்குப் பிறகு எங்கள் அணிக்காரர்களின் கூச்சல். வேலியைத் தாண்டி ஓடி அவனைத் தோளில் தூக்கினோம். அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். தோளில் இருந்த அவனுடைய முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பில்லை. லொறியில் ஏறச் சொன்னபோது, பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இறுதி ஆட்டத்துக்குக் கடமைக்கு வந்து விளையாடினான், தோற்றோம். அடுத்த வருசம் தேடினோம், வரவேயில்லை. தலைக்கனம் என்றோம், வெள்ளவத்தைக்காரனுக்கு நாங்கள் எங்கே கண்ணில் படுவோம் என்றோம். பிறகு வெளிநாடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். கொஞ்சக் காலத்தில் லொறியில் ஆள் குறைந்தது. பிறகு லொறியே நின்றுபோனது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலையில் முடி வெட்ட வெள்ளவத்தையில் வழக்கமான சலூனுக்குப் போயிருந்தேன். கூட்டம் அதிகம், வாங்கில் உட்கார்ந்திருந்தேன். டீவியில் ஏதோ ஒரு நாட்டு அணியின் பழைய மெட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பெனால்டி கொடுத்தார்கள். பழக்கதோஷம், நான் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். வழுக்கைத் தலை, கண்ணாடி, வெளிநாட்டுச் சப்பாத்து. "ஏன் அண்ணை அங்கால திரும்பிறியள்?"

"அது எங்க கொட்டாஞ்சேனை வழக்கம்ங்க. நம்ம டீமுக்குப் பெனால்டின்னா பாக்க மாட்டோம். பாத்தா வெளிய போயிரும். மொத்தக் கூட்டமும் திரும்பி நின்னுதான் கும்பிடுவோம்."

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாப் பெனால்டிக்குமோ?"

"எல்லாத்துக்கும்தான். யாரு அடிச்சாலும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்த இடது கால்காரப் பொடியன்.

"அண்டைக்குப் பந்தை வைச்சிட்டு உங்கட பக்கம் ஒருக்கால் பாத்தனான்" என்றார். "ஒரு முகமும் இல்லை. முழுக்க முதுகு. இவன் வெளியாள், இவன் அடிக்க மாட்டான் எண்டு திரும்பி நிக்கினம் எண்டு நினைச்சன். அந்தக் கோவத்திலதான் அடிச்சனான். அதுக்குப் பிறகு எனக்கு விளையாட மனம் வரேல்லை, அண்ணை."

"ஐயோ, யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோமே" என்றேன். எங்களில் ஒருவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது விளக்குவார்களா? ஆனால் நடுவில் வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன்மேல் இருந்த ஆசையாலேயே அவனைத் தொலைத்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை.

சலூன்காரர் அவரைக் கூப்பிட்டார். அவர் எழும்பவில்லை, அடுத்த ஆளைப் போகச் சொன்னார். "மெல்பேர்னில எனக்கு ஒரு மகள். நான் பந்தடிச்சனான் எண்டு அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை" என்றபடி போனை எடுத்தார். மணி அடித்தது. "பிள்ளை, இங்க ஒரு அங்கிள் இருக்கிறார். அப்பா கொட்டாஞ்சேனைக்கு ஒரு கோல் அடிச்சதைப் பற்றிச் சொல்லுவார், கேள்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

போனைக் காதில் வைத்தேன். பொய் சொல்லலாம். கோல் கீப்பர் இந்தப் பக்கம் பாய்ந்தார், பந்து அந்தப் பக்கம் போனது என்று அளக்கலாம். அதெல்லாம் எங்களுக்குக் கைவந்த கலைதான்.

"அம்மா, உங்க அப்பா அடிச்சத நான் பாக்கல. பாக்கப் பயமா இருந்திச்சு. அவரு அடிக்கணும்னு எங்களுக்கு அவ்வளவு ஆசை" என்றேன்.

 அவள் தட்டுத் தடுமாறிய தமிழில், "அப்பா நல்லா விளையாடுவாரா, அங்கிள்?" என்று கேட்டாள்.

"அடுத்த வருசம் மொத மெட்சுக்குக் கொட்டாஞ்சேனையே அவரத் தேடிச்சு, அம்மா" என்றேன், பக்கத்தில் இருந்த அவரைப் பார்த்தபடி. "வரலன்னதும் மீன்கடை அண்ணன் பாதி ஆட்டத்துல எழும்பிப் போயிட்டாரு. நாங்களும் அவரு பின்னாலயே போயிட்டோம்."

அதை அவளுக்காக மட்டும் நான் சொல்லவில்லை.