பக்கத்து வீட்டில் தின்றுவந்த கோழிகள்

மத்தியான வெயிலில் தகரக் கூரைமேல் கோழி நடக்கும் அந்தக் கீறல் சத்தம் இன்றும் சில நாட்களில் என் காதில் கேட்கிறது. ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தின் நான்கு வீடுகளுக்கும் பின்புறம் இடுப்புயரச் சுவர்தான். கோழிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. யார் கோழி எது என்று சண்டை வராமலிருக்க அம்மா எங்கள் ஐந்து கோழிகளின் காலிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். சாயங்காலம் சுவர் சுவராக எட்டிப்பார்த்து, "பா, பா" என்று கூப்பிட்டு அவற்றைக் கூண்டில் அடைப்பது என் வேலை.

ஒரு கோடை விடுமுறையில் கோழிகள் திடீரென்று நாங்கள் வைத்த தவிட்டைத் தொடாமல் விட்டன. எல்லாவற்றுக்கும் கழுத்தடி புடைத்திருந்தது. ஒன்றின் அலகில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. இரண்டு வீடுகளில் விசாரித்தோம், யாரும் சோறு போடவில்லை. மிச்சம் பின்வீடு. அங்கே குடியிருந்த கல்யாணி அக்கா ஒரு மாதத்துக்கு முன்பே வாணியம்பாடியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாக அவள் கணவர் சொல்லியிருந்தார். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பீன்யாவுக்கு வேலைக்குப் போகிறவர், சாயங்காலம்தான் திரும்புவார்.

ஒருநாள் வெள்ளைக் கோழி சிவப்புத் துணி இல்லாமல் வந்தது. அதன் காலில் நீலப்பூப் போட்ட துணி ஒன்று, இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரத்னம்மா அக்கா அதைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "பேடம்மா, வேணாம். யாரோ செய்வினை செஞ்சு அனுப்பியிருக்காங்க. வீட்ல வெச்சுக்காத" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள். அம்மா துணியைத் தொடாமல் கத்தரியால் வெட்டி எரித்தாள். கோழியை அல்சூர் மார்க்கெட்டில் கொடுத்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தாள். பின்சுவர்ப் பக்கமே போகக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

நான்கு நாள் கழித்துப் புள்ளிக்கோழியும் அதே நீலத் துணியோடு வந்தது. இந்த முறை அதைப் பிடித்தது நான். கல்யாணி அக்கா குழாயடிக்குப் போட்டுக்கொண்டு வரும் நைட்டியின் துணி அது என்று சொன்னேன். அம்மா இந்த முறை கத்தரியை எடுக்காமல் முடிச்சைக் கையாலேயே அவிழ்த்தாள்.

மறுநாள் மத்தியானம் அம்மாவும் நானும் சுவர் ஏறினோம். பின்கதவிலும் வெளியே பூட்டு. நான்கு கோழிகளும் சத்தமே இல்லாமல் கதவைப் பார்த்து நின்றன. கீழ்ப்பலகை உடைந்த ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்தது. வளையல் இல்லாத, வெளுத்த கை. ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டு உள்ளே போனது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வலித்தது.

"கல்யாணி?"

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது: "கத்தாதக்கா. சத்தம் வெளிய வந்தா என் தம்பிய கொன்னுடுவேன்னு சொல்லியிருக்காரு."

ரத்னம்மா அக்காவின் கணவர் இரும்புக் கம்பி கொண்டுவந்து பூட்டை உடைத்தார். கல்யாணி அக்கா வெளியே வந்து, கண் கூச, வெயிலில் நின்றாள். அழவில்லை. கோழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "வெள்ளக் கோழி எங்கக்கா? அது கால்லதான் மொதல்ல கட்டி அனுப்பினேன்" என்றாள்.

அம்மா குனிந்து புள்ளிக்கோழியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் கல்யாணி அக்காவின் கணவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது சந்தே திரண்டு நின்றது. வந்த வழியே திரும்பிப் போனார். மறுநாள் அவள் தம்பி வந்து, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டு அக்காவை ரயிலேற்றிக் கூட்டிப்போனார். அதன்பிறகு அவளைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

போன மாதம் அந்தச் சந்துக்குப் போயிருந்தேன். நான்கு வீடுகளும் மூன்று மாடியாகிவிட்டன, நடுவில் ஆளுயரத்துக்கு மேல் சுவர்கள். கோழி வளர்ப்பவர் யாருமில்லை. பின்வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று, எங்கள் பழைய வீட்டில் குடியிருக்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"தெரியாதுங்க. அந்தக் கதவு தொறந்து நான் பாத்ததே இல்ல" என்றாள்.