வேலியோரச் சுரை

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு 'நாக்கு' என்று பெயர். மதியச் சாப்பாட்டில் எதையும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, சற்றுப் பொறுத்து, பிறகுதான் வாயில் போடுவார். வெள்ளரிக்காயானாலும் அப்படித்தான். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். பழையவர்கள் சிரிப்பதில்லை.

ஏழு வருடங்களுக்கு முன் இதே வேலையை உதறிவிட்டுப் போனவர் அவர். இருட்டுக் குழிக்குள் கிரீஸ் பூசியது போதும் என்று ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் வாங்கி, மனைவியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு குடியேறினார். வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். உப்பு, தீப்பெட்டி, மருந்து தவிர எதையும் கடையில் வாங்குவதில்லை. விளைந்ததைத் தின்பது. விதையும் சொந்த விதை.

பக்கத்து நிலம் ஒரு பல் டாக்டருடையது. சனிக்கிழமை வருவார், ஞாயிறு மாலை போவார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கோழிகளுக்குப் பெயர் வைத்திருந்தார். ஒன்று வயதாகிச் செத்தபோது குழி தோண்டிப் புதைத்தார்.

"கோழியைப் பொதைக்கிறாருங்க," என்றாள் மனைவி.

"அவருக்கு இது வெளையாட்டு. காய்க்கலைன்னா காரை எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போவாரு. நாம அப்படியா?" அவர் குரலில் பெருமை இருந்தது.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள். அவள் குரலில் அது இல்லை.

டாக்டர் வேலியோரம் அழகுச் சுரைக்கொடி ஏற்றியிருந்தார். கையடக்கக் காய்கள். உலர்த்தி, துளை போட்டு, உள்ளே பல்பு மாட்டி கிளினிக்கில் தொங்கவிடுவார். "பேய்க்கசப்பு சார், தின்ன முடியாது. பார்க்க மட்டும்தான், என்னை மாதிரி," என்று சிரிப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் இவருடைய சுரை. இரண்டும் மாலையில் வெள்ளையாகப் பூத்தன. அந்துப்பூச்சிகள் இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்தன.

அந்த வருடக் காயில் ஒரு குறையும் இல்லை. நன்றாக முற்றிய நான்கைப் பார்த்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, பாட்டிலில் போட்டு மூடினார்.

அடுத்த வருடம் மழை ஏமாற்றியது. அவரைக்கொடி பூவோடு கருகியது. கிழங்கை எலி தின்றது. மனைவியின் வளையல் முழங்கை வரை ஏறியது. மகள் பள்ளியில் மற்ற பிள்ளைகளின் டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

"பொண்ணைக் கூட்டிக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்," என்றாள்.

"சுரை பந்தல் கொள்ளாம பிஞ்சு விட்டிருக்கு. அது கைகொடுத்தா தாண்டிடலாம்."

"கைகொடுக்கலைன்னா?"

"போ. தடுக்க மாட்டேன்."

முதல் காயை ஒரு சனிக்கிழமை மதியம் சமைத்தாள்.

"கசக்குதுங்க."

"தண்ணியில்லாத வருஷம், கசக்கத்தான் செய்யும். பாவக்காய் திங்கிறதில்லையா?"

"இது அந்தக் கசப்பு இல்ல."

"கெளம்புறதுக்கு ஒரு சாக்கு கெடைச்சிடுச்சு. அதானே?"

அவள் தன் தட்டில் இருந்ததை முழுவதும் தின்றாள். அவரால் பாதிக்கு மேல் முடியவில்லை. அந்த வீட்டில் எதையும் கொட்டுவதில்லை. அவர் மிச்சம் வைத்ததையும் அவளே தின்றாள். மகள் அப்போதே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். அவள் பங்கு ஜன்னலுக்கு வெளியே கிடந்தது பிறகுதான் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் வாந்தி. அவளுக்கு ரத்தமும் வந்தது. டாக்டர்தான் காரில் போட்டுக்கொண்டு பறந்தார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"சுரைக்காய்."

கார் ஒரு கணம் தடுமாறியது.

"விதை எங்க வாங்கினது?"

"வாங்கல டாக்டர். சொந்த விதை."

"என் கொடியோட மகரந்தம் உங்க விதையில கலந்திருக்கு சார்," என்று டாக்டர் வேகத்தைக் கூட்டினார்.

அவர் பிழைத்தார். அவள் மூன்றாம் நாள் போய்விட்டாள். தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

டாக்டர் தன் கொடியை வேரோடு பிடுங்கி எரித்தார். "அழகுக்குத்தான் சார் போட்டேன்," என்று அழுதார். அடுத்த மாதம் நிலத்தை விற்றார். இப்போது வண்ண மீன் வளர்க்கிறார் என்று கேள்வி.

மகளுக்குப் பதினைந்து வயதாகிறது. சித்தி வீட்டில் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போவார். இருவருக்கும் சித்தி தட்டு வைப்பாள். அவர் தன் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிடலாம்மா," என்பார்.

"நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்ப்பா," என்பாள் அவள்.

எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்க்க அவர் துணிந்ததில்லை.